கண்டமும் துண்டமும்

1

குமரிக்கண்டத்தின் வரைபடத்தை நான் முதலில் பார்த்தது எட்டாம் வகுப்புக் கரும்பலகையில். தமிழய்யா சாக்பீஸைப் படுக்கைவாக்கில் பிடித்து, கன்னியாகுமரிக்குக் கீழே ஒரு நிலத்தை இழுத்துக்கொண்டே போனார். மேற்கே மடகாஸ்கர், கிழக்கே ஆஸ்திரேலியா வரைக்கும் அது போயிற்று. பிறகு கையைத் தட்டிவிட்டு, "இது பூரா நம்ம எடம்டே" என்றார். எங்களுக்கெல்லாம் நெஞ்சு விம்மியது. அன்று சாயங்காலம் கீழப்பாவூர்க் குளத்தங்கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த தாத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தாத்தா கிணறு வெட்டுகிறவர். பாவூர்சத்திரத்தைச் சுற்றி அவர் இறங்காத கிணறு குறைவு. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. முழுவதையும் கேட்டுவிட்டு, "பட்டா யாரு பேருலல இருக்கு?" என்றார். கடலுக்குள்ள போயிட்டுது தாத்தா என்றேன். "அப்பம் அதுக்குத் தண்ணியில கண்டம்னு சொல்லு" என்று சிரித்தார்.

தமிழில் கண்டம் என்றால் பெருநிலம். சாதகத்தில் கண்டம் என்றால் உயிருக்கு வரும் ஆபத்து. கண்டந்துண்டமாக வெட்டினான் என்கிறபோது கண்டம் வெறும் துண்டு. இந்த மூன்று பொருளும் ஒரே சொல்லுக்குள் இருப்பதை நான் வார்த்தை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு கண்டத்தின் நெடிய சரித்திரத்தையும் அதில் வாழ்ந்த பல்வகை மக்களையும் பற்றி எழுதுகிற எவரும் இந்த மூன்றுக்கும் நடுவேதான் நிற்கிறார்கள். எதைப் பெருநிலமாகக் காட்டுகிறார்கள், அதற்காக எதைத் துண்டுபோட்டு ஒதுக்குகிறார்கள், அதில் யாருக்கு ஆபத்து வருகிறது என்று கேட்காமல் அந்த எழுத்தை வாசிக்க முடியாது. நமக்குக் கையருகே இருக்கிற உதாரணம் குமரிக்கண்டம். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

2

குமரிக்கண்டத்தை ஒரு பிரதியாக வைத்துப் பார்த்தால், அதை எழுதிய கைகள் பல என்று தெரியும். முதல் கை ஓர் ஆங்கிலேய விலங்கியலாளருடையது. மடகாஸ்கரின் லெமூருக்கு உறவான பிராணிகள் கடல் தாண்டி இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் தேடிய பிலிப் ஸ்கிளேட்டர், நடுவில் ஒரு நிலம் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று 1864ல் ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். நம் தேவாங்கு அந்த லெமூருக்குத் தூரத்துச் சொந்தம். அவர் பேசியது விலங்குகளைப் பற்றி மட்டுமே. அந்த நிலத்தில் மனிதனைக் கொண்டுபோய் வைத்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் ஹெக்கல். மனித குலத்தின் தொட்டிலே அதுதான் என்றார். அடுத்த கை பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையாருடையது. 1888ல் அவர் எழுதிய பெரிய நூலில் லெமூரியர்கள் மூன்றாவது மூல இனம் ஆனார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிளாவட்ஸ்கியின் வரிசையில் ஐந்தாவதாக வருவது ஆரிய இனம். அந்த ஏணியில் லெமூரியர் கீழ்ப்படி. காலம் தாண்டிப்போய்விட்ட இனம். ஆரிய மேன்மைக்கு எதிராக நாம் தூக்கிப் பிடித்த கண்டத்துக்கு, ஆரியரை உச்சியில் வைத்த ஒரு கதையாடலிலிருந்தே உயிர்ச்சத்து வந்திருக்கிறது. எதிராளியின் வீட்டுச் சாமானை எடுத்துவந்து நம் வீட்டுக் கொலுவில் வைத்த கதைதான்.

தமிழில் இதற்கு இடம் தயாராக இருந்தது. கடல் நிலத்தைக் கொண்டுபோன நினைவு பழைய பிரதிகளில் இருக்கிறது. சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சொல்கிறது. இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றைக் கடல்கோளோடு சேர்த்துச் சொல்கிறது. அடியார்க்குநல்லார் தம் சிலப்பதிகார உரையில் அந்த நிலத்தை 700 காவதம் என்று அளந்து, தெங்க நாடு ஏழு, மதுரை நாடு ஏழு, பாலை நாடுகள், குன்ற நாடு, குறும்பனை நாடு என்று 49 நாடுகளாக எண்ணிவைக்கிறார். 1903ல் வெளிவந்த சூரியநாராயண சாஸ்திரியாரின் தமிழ் மொழி வரலாறு, 1940களின் தொடக்கத்தில் கா. அப்பாத்துரை எழுதிய குமரிக்கண்ட நூல், 1966ல் தேவநேயப் பாவாணர் ஆங்கிலத்தில் எழுதிய உலக முதன்மொழி பற்றிய நூல் என்று போகிற வழியில் உரையாசிரியரின் கடல்கோளும் ஸ்கிளேட்டரின் லெமூரியாவும் ஒன்றோடொன்று தைக்கப்பட்டன.

தைத்தபோது உதிர்ந்துபோனதைத்தான் விமர்சகன் தேடவேண்டும். முதலில் உதிர்ந்தது அந்த நாற்பத்தொன்பது. உரையாசிரியர் சொன்னது பனைக்கும் குன்றுக்கும் பாலைக்கும் தனித்தனி நாடு இருந்த ஒரு நிலம். நம் காலம் அதை ஒரே இனம், ஒரே மொழி, ஒரே அரசு என்று ஒற்றையாக்கிவிட்டது. பன்மை பழைய பிரதியில் இருந்தது. ஒருமையை நவீனம் கொண்டுவந்தது. இரண்டாவது, அந்தப் பெயரே. குமரிகண்டம் என்ற சொல் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் அண்டகோசப் படலத்தில் வருகிறது. பரதனின் நாடு எட்டு மகன்களுக்கும் குமரி என்ற ஒரு மகளுக்கும் ஒன்பது துண்டாகப் பிரிக்கப்பட்டதில் மகளுக்கு வந்த துண்டு அது. அங்கே வேதம் ஓதப்படுகிறது, அந்தணர் வாழ்கிறார்கள். மற்ற எட்டுத் துண்டும் மிலேச்சர் நாடு. பார்ப்பனிய எதிர்ப்பின் கொடியில் நாம் எழுதிய பெயர், மிலேச்சரை வெளியே நிறுத்திவிட்டுப் போட்ட ஒரு வேலியின் பெயர். இதை யாரும் மறைக்கவில்லை. யாரும் திரும்பப் போய்ப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

3

இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் அது யோக்கியமான விமர்சனம் ஆகாது. ஏன் இந்தக் கண்டம் தேவைப்பட்டது? இந்திய சரித்திரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது கங்கைக்கரைச் சரித்திரம். தெற்கு அதற்கு ஒரு வால். சரித்திரத்தைக் கிருஷ்ணா, காவிரி, வைகைக் கரைகளிலிருந்து தொடங்கவேண்டும் என்று மனோன்மணீயம் சுந்தரனார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கேட்டார். திருநெல்வேலியிலும் திருவனந்தபுரத்திலும் வேலை பார்த்தவர் அவர். எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள கணவாயின் இரண்டு பக்கத்தையும் அறிந்தவர். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு ஆதாரம் தரக்கூடிய அகழாய்வு அன்று மிகக் குறைவு. பூமியில் கிடைக்காத மரியாதையைக் கடலுக்குள் தேடினார்கள். அந்த வலியை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

என் கேள்வி வேறே. கடலுக்குள்ளே போய்விட்ட நிலத்தில் கூலி கிடையாது, வாரம் கிடையாது, சேரி கிடையாது, பட்டா கிடையாது. யாருக்கும் எதையும் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் அதைச் சொந்தம் கொண்டாடுவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. தாத்தா அறியாமல் கேட்ட கேள்வி அல்ல அது.

உண்மையாகவே பிரிந்துபோன கண்டம் ஒன்று உண்டு. அது தாத்தாவின் கடப்பாரைக்குக் கீழே இருந்தது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினால் கொஞ்சம் மண், கொஞ்சம் சரள், அப்புறம் பாறைதான். அதற்குமேல் வெடி வைத்தால்தான் வழி. இந்தத் தென்கோடிப் பாறைகள் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இன்றைய உருவுக்கு வந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அப்போது இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக் கிடந்தன. அச்சன்கோவில் பக்கமிருந்து தென்கிழக்காக நம் பக்கம் இறங்கிவரும் ஒரு பழைய பிளவுப் பட்டையின் தொடர்ச்சியைப் புவியியலாளர்கள் இன்றும் மடகாஸ்கரில் தேடுகிறார்கள். இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டு ஆகிறது. மனிதன் தோன்றி 3 லட்சம் ஆண்டுதான். எதுவும் மூழ்கவில்லை, நகர்ந்தது. 1912ல் வேகனர் சொன்ன இந்தக் கருத்து 1960களில் நிலைபெற்றபோது மூழ்கிய லெமூரியாவுக்கு விஞ்ஞானத்தில் வேலையில்லாமல் போயிற்று. பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் போல இறங்கியிருந்தது உண்மை. ஈழம் நம்மோடு தரைவழியாக ஒட்டிக் கிடந்ததும் உண்மை. கடல் கொண்டது என்ற நினைவுக்கு அந்தக் கரையோர நிலமே போதும். மடகாஸ்கர் வரை போக வேண்டியதில்லை.

சேர்ந்து கிடந்த அந்தப் பெருங்கண்டத்துக்கு என்ன பெயர்? கோண்டுவானா. 1870களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மெட்லிகாட் மத்திய இந்தியாவின் பாறை அடுக்குக்கு அந்தப் பெயரை வைத்தார். 1885ல் ஆஸ்திரிய அறிஞர் சூயஸ் அதை ஒரு கண்டத்துக்கே வைத்தார். கோண்டுகள் என்ற ஆதிவாசி மக்களின் நாட்டுப் பெயர் அது. இன்னொன்றும் சொல்கிறேன். அச்சன்கோவில் பட்டைக்குத் தெற்கே உள்ள பாறைத் தொகுதியை கேரளக் கோண்டலைட் பட்டை என்கிறார்கள். கோண்டலைட் என்பது ஒரிசாவின் கோந்த் மக்களின் பெயரால் வந்தது. ஒரு ஆதிவாசி மக்களின் பெயரைப் பூமியின் பாதிக்கும், இன்னொரு ஆதிவாசி மக்களின் பெயரை நம் மலைப் பாறைக்கும் வைத்திருக்கிறோம். இரண்டு பேரும் பேசுவது திராவிட மொழிதான்.

1981ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு. அரசு செலவில் குமரிக்கண்டம் பற்றி எடுத்த ஒரு செய்திப்படம் அங்கே காட்டப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 20ல் அன்றைய ஆந்திரத்தின் இந்திரவெல்லியில் நிலம் கேட்டுக் கூடிய கோண்டுகள் மீது போலீஸ் சுட்டது. செத்தவர் 13 பேர் என்று அரசுக் கணக்கு. அதைவிட மிக அதிகம் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. ஒரு பக்கம் இல்லாத கண்டத்துக்குத் திரை கட்டினோம். இன்னொரு பக்கம் கண்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் காலடி மண்ணுக்காகச் செத்தார்கள். தமிழ்ச் சிறுபத்திரிகைகளையும் சேர்த்தே சொல்கிறேன், அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து யார் எழுதினோம்? ஒரிசாவின் நியம்கிரியிலும் இதேதான். கோண்டலைட் பாறை மழையில் கரைந்து கரைந்து பாக்சைட் ஆன மலை அது. 2013ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. பாறையின் பெயருக்குச் சொந்தக்காரர்கள் பாறையைக் காப்பாற்றினார்கள். என்னைக் கேட்டால் ஒரு கண்டத்தின் சரித்திரத்தில் அது எழுதப்படவேண்டிய அத்தியாயம்.

4

நிலத்தை விட்டு மக்களுக்கு வருவோம். அதற்கும் எங்கள் ஊரிலிருந்தே வழி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கிறது. ஆடி மாசத்துச் சாரல் வருவது அந்த வாசல் வழியாக. பொதிமாடும் மிளகும் உப்பும் போய்வந்தது அது வழியாக. சாஸ்தாவும் அது வழியாகத்தான் போய்வந்திருப்பார். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. எது தமிழ், எது மலையாளம் என்று எங்கள் பாட்டிமாரின் பேச்சில் பிரித்து எடுக்க முடியாது. குற்றால மலையில் இறங்கும் சிற்றாறு எங்கள் வட்டாரத்துக் குளங்களை நிறைத்துக்கொண்டு கிழக்கே போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்தத் தண்ணீர் அங்கிருந்து போகிற வழியில் இருக்கிறது ஆதிச்சநல்லூர்.

ஆதிச்சநல்லூரில் 1876ல் ஜாகோர் தோண்டிப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899க்கும் 1905க்கும் இடையே அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இரும்பு, வெண்கலம், தங்க நெற்றிப்பட்டம் எல்லாம் கிடைத்தன. மண்டையோடுகள் கிடைத்தன. அந்த மண்டையோடுகளை சூக்கர்மன் அளந்து 1930ல் ஒரு கட்டுரை எழுதினார். தலை நீளம், மூக்கு அகலம் பார்த்து மனிதனை இன வகைகளாகப் பிரித்த காலம் அது. அந்த விஞ்ஞானத்தை இன்று யாரும் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. ஆனால் அதை விலக்கிவிட்ட பிறகும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது: தாழியில் வைத்துப் புதைக்கப்பட்டவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல.

மரபணு ஆய்வு அதை வேறு விதமாகச் சொல்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த முதல் மனிதர்களின் தடத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கண்டார். எம் 130 என்கிற அந்தக் குறி ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் இருக்கிறது. தமிழய்யா வரைந்த கோட்டில் ஒரு முனை சரிதான். ஆனால் அவர்கள் மூழ்கிய நிலத்திலிருந்து கிளம்பிப் போகவில்லை, நடந்து வந்தார்கள். வந்தவர்கள் ஏற்கெனவே வந்திருந்தவர்களோடு கலந்தார்கள். ஈரான் பக்கத்து மூதாதையரோடு ஒருமுறை, புல்வெளியிலிருந்து வந்தவர்களோடு இன்னொருமுறை. இந்தியாவின் 73 மக்கள் குழுக்களை வைத்துச் செய்து 2013ல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 4,200க்கும் 1,900க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன் இந்தக் கலப்பு எங்கும் நடந்தது, அதன் பிறகு பெரும்பாலும் நின்றுபோயிற்று என்றது. 2017ல் இன்னோர் ஆய்வு 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81ல், சிலபேரிடமிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே மணந்துவந்ததன் தடம் பின்லாந்துக்காரர்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட அழுத்தமாக இருந்தது.

இதை மரபணு தெரியாமலே ஒருவர் சொல்லியிருக்கிறார். 1916ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர், இந்திய மக்கள் பல இனங்களின் கலவை, கலந்து பண்பாட்டால் ஒன்றாகிப்போனவர்கள், அப்படி ஒன்றானதைத் துண்டுபோட்டதுதான் சாதி, துண்டுபோட்ட கருவி அகமணம் என்று வாதிட்டார். அப்போது அவருக்கு வயது 25. கண்டத்தைத் துண்டமாக்கியது கடல் இல்லை. கல்யாணம்.

இந்த உபகண்டத்து மக்களின் சரித்திரத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன்: நெடுங்காலம் வந்துகொண்டும் கலந்துகொண்டும் இருந்தார்கள். பிறகு யாரோ கதவைச் சாத்தினார்கள். முதல் வாக்கியத்தைப் பற்றி இன்று நிறையப் புத்தகங்கள் வருகின்றன, நல்லது. இரண்டாம் வாக்கியத்தில் 'யாரோ' என்று இருப்பதை எடுத்துவிட்டு அங்கே ஒரு பெயரை எழுதுகிற வேலைதான் பாக்கி.

5

இன்று சரித்திரப் போட்டி முழுவதும் 'முதல்' என்ற சொல்லைச் சுற்றி நடக்கிறது. சரஸ்வதிதான் முதல் என்கிறது ஒரு தரப்பு. 2025 ஜனவரியில் தமிழக அரசு சிவகளை இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோனது. கீழடி பற்றி அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023ல் கொடுத்த 982 பக்க அறிக்கையை, மத்தியத் தொல்லியல் துறை 2025ல் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. அகழாய்வாளனின் காலக்கணிப்பில் அதிகாரம் கைவைத்தால் எதிர்க்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எதிர்க்கிற நாம் அதே கண்ணாடியில் முகம் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும்? நான்தான் முதல் என்பவன் எல்லோரையும் தனக்குப் பின்னால் நிறுத்துகிறான். நமக்குப் பின்னால் நிற்கப்போகிறவர்கள் யார்? குற்றால மலைப்பக்கத்துப் பளியரா, பாபநாசம் மலையின் காணிக்காரரா? அவர்களைத் தொல்குடி என்று மேடையில் புகழ்வோம். காட்டு உரிமைச் சட்டம் 2006ல் வந்தது; அதன்படி நிலப்பத்திரம் கேட்டு அவர்கள் மனு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

தாத்தா செத்தது அத்தை வீட்டில். ஊர்ப் பெயர் வேண்டாம். சுடுகாட்டுக்கு நேர் வழி ஒரு தெரு. அந்தத் தெரு வழியாக எங்கள் பிணம் போகக்கூடாது என்றார்கள். வயல் வரப்பு வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். ஐப்பசி மாசம், சேறு. நாலு பேர் தோளில் தாத்தா ஆடிக்கொண்டே போனார். வரப்பில் கால் வழுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரும்பலகை ஞாபகம் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் நடக்க வழி இருந்திருக்கிறது. இங்கே முந்நூறு அடித் தெருவுக்கு வழி இல்லை. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் அத்தனை தாழிகளும் ஒரே மேட்டில் கிடக்கின்றன. நம் ஊர்களில் சாதிக்கு ஒரு சுடுகாடு.

அதனால் ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். இதை வாசிக்கிற நண்பர்கள் எழுதுகிறவர்கள், இயக்கங்களில் வேலை செய்கிறவர்கள். அவரவர் ஊரில் எத்தனை சுடுகாடு, எந்தப் பிணம் எந்த வழியாகப் போகிறது, அந்த நிலம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து அப்படி என்பதை எழுதி அனுப்புங்கள். கிராமக் கணக்கில் பார்க்கலாம், வயசானவர்களைக் கேட்கலாம். இந்தப் பக்கங்களில் அதைத் தொகுக்கலாம். ஒரு கண்டத்தின் சரித்திரத்துக்கு இது சின்ன வேலையாகத் தெரியலாம். முதல் தாளை நான் எழுதிவிட்டேன். அத்தை ஊரில் சுடுகாடு நாலு, எங்களுக்குரியது ஓடைப் புறம்போக்கு. பட்டா கிடையாது.